ஒட்டுக்குக் கீழே வந்த தளிர்

போன வாரம் சந்திரவல்லியைக் கிணற்றடிப் பந்தலின் கீழ் அண்ணாந்து பார்த்தபடி நிற்கவைத்துவிட்டு வந்தோம். அவள் புருஷன் வைத்த கொடி ரோஜாவில் மொக்கு விட்டிருந்தது. கழுத்து வலிக்கும்வரை எண்ணினாள். பிறகு கண் பட்டுவிடும் என்று பயந்து, எண்ணியதை வேண்டுமென்றே மறந்துபோனாள் அந்தப் பைத்தியக்காரப் பெண்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒச்சப்பன் போடிநாயக்கனூர்க்காரன். மலைமேல் ஏலத்தோட்டத்துத் துரையின் பங்களாவில் பூச்செடி பார்க்கிற வேலை. கல்யாணமான வருஷம், பங்களா முகப்பில் ஏறிக் கிடந்த கருஞ்சிவப்பு ரோஜாவை ஒட்டுப் போட்டு, ஈரப்பாசியில் சுற்றி, குரங்கணி வழியாகப் பொதிமாட்டின் முதுகில் இறக்கிக்கொண்டு வந்து கிணற்றடியில் நட்டான். விஷக்காய்ச்சல் வந்த வருஷம் புரட்டாசியில் மேலே போனவன் திரும்பி வரவில்லை. தோட்டத்துக் கூலிகள் குடியிருந்த லயத்தில் செத்தவர்களைப் பெயர்கூடக் கேட்காமல் ஓடைக்கரையில் புதைத்தார்கள், அதில் ஒச்சப்பனும் ஒருவன் என்று ஒருத்தர் சொன்னார். இல்லை, காய்ச்சலுக்குப் பயந்து மேற்கே மலையாளச் சீமைக்குள் இறங்கிப் போனவர்களோடு அவனைப் பார்த்தேன் என்றார் இன்னொருத்தர். இரண்டு பேருமே கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள்.

இரண்டு வருஷமாக அந்த வீடு அழவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் கிடக்கிறது. மாமியார் சுருளியம்மாளுக்கு, மகனுக்குக் கருமாதியைச் செய்து முடித்துவிட வேண்டும். அண்ணனைப் போலவே ஏலக்காட்டில் வேலை பார்க்கிற கொழுந்தன் மொக்கச்சாமிக்குத் தேவாரத்தில் அன்னக்கொடி என்ற பெண்ணைப் பேசி வைத்திருக்கிறது. மூத்தவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத வீட்டுக்குப் பெண்ணை அனுப்ப மாட்டோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். குறுக்கே நிற்பவள் சந்திரவல்லி ஒருத்திதான்.

கடைசியில் மாமியாரும் மருமகளும் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். ஒச்சப்பன் கையால் வைத்த செடியே சொல்லட்டும். தை அமாவாசைக்குள் ரோஜா பூத்தால் இன்னும் ஒரு வருஷம் காத்திருப்பது. பூக்காவிட்டால் அமாவாசையன்று கருமாதி, சந்திரவல்லி தாலியைக் கழற்ற வேண்டியது. நிறத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. எதற்குப் பேசப்போகிறார்கள்?

அமாவாசைக்கு நாலு நாள் இருக்கும்போது பூத்தது.

வெள்ளையாகப் பூத்தது.

காலையில் குடத்தோடு கிணற்றடிக்கு வந்தவள் முதலில் அதைப் பனி என்று நினைத்தாள். பந்தலின் கிழக்குப் பக்கம் முழுக்க வெள்ளை. கிட்டே போனாள். சின்னச் சின்னப் பூ, அஞ்சே இதழ், நடுவில் மஞ்சள் துகள். கொத்துக் கொத்தாய் வாய் திறந்துகொண்டிருந்தன. ஒச்சப்பன் வைத்த ரோஜா உள்ளங்கையை நிறைக்கும். அடுக்கடுக்காக மடிந்திருக்கும். நாள் ஆக ஆகக் கறுத்துக்கொண்டே போகும் சிவப்பு. இது ஏதோ வேலியோரத்துப் பூ.

குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு கொத்தாக விலக்கிப் பார்த்தாள். முள் கையைக் கிழித்தது. எங்காவது ஒரே ஒரு சிவப்பு ஒளிந்திருக்காதா என்று உச்சிவரை தேடினாள். இல்லை.

"என்னத்தா பூத்திருச்சா?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் சுருளியம்மாள் வந்தாள். கையில் மாட்டுக்குக் கழனித் தண்ணீர்.

சந்திரவல்லி ஒதுங்கி நின்றாள். மறைக்கவா முடியும்?

சுருளியம்மாள் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். கழனித் தண்ணீர்ச் சட்டியை மெதுவாகத் தரையில் வைத்தாள். அவள் உடுத்தியிருந்ததும் வெள்ளைதான். பதினைந்து வருஷமாய் அதைத்தான் உடுத்துகிறாள்.

"இது என்ன பூவு?"

"ரோசாதான் அத்த."

"ரோசா செவப்பால்ல இருக்கும்."

"இந்தத் தடவை நெறம் மாறியிருக்கு. தண்ணி கூடிப்போச்சோ என்னமோ."

"தண்ணி கூடிப்போனா வெள்ளையாவா பூக்கும்?" அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் சந்திரவல்லிக்குப் பயமாக இருந்தது. "எம்மவன் சொல்லிட்டான்த்தா. கூடப் பொறந்தவனுக்கு விளங்கட்டும், ஆத்தாளுக்கு விளங்கட்டும், கட்டுனவளுக்கும் விளங்கட்டும்னு ஒரு பந்தல் நெறையச் சொல்லிட்டான்."

"பூத்தா காத்திருக்கிறதுன்னுதான பேச்சு அத்த? பூத்திருச்சுல்ல?"

"எந்தச் சேலை நெறத்துல பூத்திருக்குன்னு பாரு."

பூவைப் பார்த்த அந்த நிமிஷமே சந்திரவல்லிக்கும் அதுதான் தோன்றியது.

"ரெண்டு வருசமா அழுகையை அடக்கி வச்சிருக்கேன்" என்றாள் சுருளியம்மாள். "நான் அழுதா அவனைக் கொன்னது மாதிரி ஆயிருமேன்னு. ஊருல எழவு விழுந்தாக்கூட நான் போறதில்ல, தெரியுமா உனக்கு? போனா என் அழுகை வந்துரும். இனிமே அழுகலாம்த்தா. என்னை விட்டுரு."

அவள் வீட்டுப் பக்கம் நடந்தாள். தெருவில் ராசிங்காபுரத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த வண்டியை நிறுத்தி, சந்திரவல்லியின் அண்ணன் வெள்ளைத்துரைக்குச் செய்தி சொல்லிவிடுவது கிணற்றடிவரை கேட்டது. அமாவாசைக்குக் கோடி எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்க. புருஷன் போனவளுக்குப் பிறந்த வீடுதான் அந்தப் புதுச்சேலையைக் கொண்டுவர வேண்டும். அதைச் சொல்லி அனுப்பியாகிவிட்டது என்றால் பாதி முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

சந்திரவல்லி பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் செடியின் அடிப்பக்கம் கண்ணில் பட்டது.

ஐப்பசியில் அவள் தங்கச்சி பிரசவத்துக்காக ராசிங்காபுரம் போயிருந்தாள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த நாட்களில் செடியைப் பார்த்துக்கொண்டவன் மொக்கச்சாமி. பார்த்துக்கொண்டான் என்றால் சும்மா தண்ணீர் ஊற்றவில்லை. ஏலக்காட்டு ஆட்களுக்கு ஒரு கர்வம் உண்டு, உலகத்தில் முளைக்கிற எல்லாமே அவர்களுக்கு ஏலச்செடிதான். காய்த்து முடிந்த பழைய தண்டை அடியோடு அறுத்துப் போட்டு, வேர்ப்பக்கம் வருகிற இளம் முளைக்கு இடம் விட வேண்டும். தூரைச் சுற்றி மண்ணும் சருகும் அணைத்து மூட வேண்டும். மொக்கச்சாமி அண்ணன் ரோஜாவுக்கும் அதையே செய்தான். அக்கறையாகத்தான் செய்தான்.

திரும்பி வந்து பார்த்தபோது சந்திரவல்லி ஒரு நாள் முழுக்க அழுதாள். அவள் வாழைநார் போட்டுக் கட்டிய பழைய கொடி ஒன்றுகூட இல்லை. 'நெட்டுக்குத்தா விட்டா உச்சியில மட்டும் பூக்கும், படுக்க வச்சுக் கட்டுனா கணுவுக்குக் கணு பூக்கும்' என்று ஒச்சப்பன் சொல்லிக்கொடுத்தபடி, ஒவ்வொன்றாய் வளைத்துப் படுக்க வைத்துக் கட்டிய கொடிகள். "அதையெல்லாம் ஓடையில போட்டுட்டேன் மதினி. கெழட்டுக் கம்பு. இனிமே பாருங்க" என்றான் மொக்கச்சாமி. சொன்னபடியே புதுத்தளிர் ஆள் உயரத்துக்கு நெகுநெகுவென்று வந்தது. அவளும் சமாதானமாகிவிட்டாள்.

இலை வெளுத்துத்தான் இருந்தது. ஒரு காம்புக்கு ஐந்து இலைக்குப் பதில் ஏழு இருந்தது. அவள் பார்த்தாள், பார்க்காததுபோல் இருந்துகொண்டாள். நம்ப வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவளுக்கு இலையை எண்ணவா தோன்றும்?

களைக்கொத்தை எடுத்துவந்து தூரைத் தோண்டினாள். மக்கிய சருகும் ஆட்டுப்புழுக்கையும் கரிசனமாக அணைத்த மண்ணும் முழங்கை ஆழம் இருந்தது. அதற்கடியில் அந்த முண்டு. அதை அவளுக்கு நன்றாகத் தெரியும். நட்ட அன்றைக்கு ஒச்சப்பன் அவள் விரலைப் பிடித்து அதைத் தொட்டுக் காட்டியிருந்தான்.

"இதுதான் ஒட்டு. இதுக்கு மேல இருக்கிறதுதான் பங்களா ரோசா. கீழ இருக்கிறது வெறும் காட்டு வேரு. கீழேருந்து தளிர் வந்தா பார்க்க ரொம்ப லச்சணமா இருக்கும், ஏமாந்துராத. அன்னன்னைக்குக் கிள்ளிப் போட்டுரு."

ஒட்டுக்கு மேலே ஒன்றும் இல்லை. ஒரே வெட்டில் அறுத்த தண்டு காய்ந்து கரிக்கட்டையாகக் கறுத்துப்போயிருந்தது. பந்தலை மூடியிருந்த நாலு கொடியும் ஒட்டுக்குக் கீழே இருந்துதான் வந்திருந்தன.

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. ஒச்சப்பன் ஒன்றும் சொல்லவில்லை. காட்டு வேர் அதன் பூவைப் பூத்திருக்கிறது, அவ்வளவுதான்.

நிழல் ஒன்று மண்ணில் விழுந்தது. மொக்கச்சாமி நின்றிருந்தான். முந்தின நாள் சாயங்காலம்தான் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தான். ஓடையில் குளித்துவிட்டு, ஈரத்துண்டோடு, பந்தலைப் பார்த்து மலைத்துப்போய் நின்றான்.

"வாங்க கொழுந்தனாரே. இங்க உக்காந்து பாருங்க."

அவன் குனிந்து பார்த்தான். கெட்டிக்காரன், விளங்கிக்கொள்ள நேரம் ஆகவில்லை.

"ஏலத்துக்குச் செய்யற மாதிரித்தான் மதினி செஞ்சேன். அண்ணன் மேல சத்தியமா."

"தெரியும். நீங்க வேணும்னு செய்யல. உங்க ஆத்தாகிட்ட அதை மட்டும் சொல்லிருங்க. கத்தி தப்பா விழுந்துருச்சு, பூவுல ஒண்ணுமில்லன்னு. கோடிக்குச் சொல்லியனுப்பிட்டாங்க."

மொக்கச்சாமி துண்டைப் பிழிந்தான். ஏற்கெனவே பிழிந்த துண்டு.

"இந்தத் தை போனா தேவாரத்துல வேற எடம் பார்த்துருவாக மதினி. அன்னக்கொடியோட அப்பாரு போன வாரமே சொல்லிட்டாரு."

"அதுக்கு?"

"அண்ணன் வந்துருமா? நீங்களே சொல்லுங்க. பூ செவப்பா இருந்தா மட்டும் வந்துருமா?"

"தெரியாது." அவள் களைக்கொத்தைக் கீழே வைத்தாள். "வந்தாலும் வருவாரு, வராமலும் போவாரு. ஆனா நீங்க வெட்டுன வெட்டுக்காக அவரைச் சாக வைக்காதீங்க."

அவன் தலை குனிந்தது. சந்திரவல்லிக்கு அவன்மேல் இரக்கம்கூட வந்தது. ஊரே அவளை ஒரு மாதிரியாகப் பார்த்த இரண்டு வருஷமும் மதினி என்று வாய் நிறையக் கூப்பிட்டவன் இவன் ஒருத்தன்தான்.

அந்த இரக்கத்தில்தான் அவள் அதைக் கேட்டாள். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை.

"அந்தப் பழைய கொடியை ஓடையில போட்டுட்டேன்னீங்களே, எங்கிட்டுப் போட்டீங்க? கரையில ஏதாச்சும் ஒதுங்கிப் பொழைச்சிருக்குமா?"

மொக்கச்சாமி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"எங்க போட்டீங்க?"

"ஓடையில போடல மதினி."

"பெறகு?"

"தேவாரத்துக்குக் கொண்டு போனேன். எங்க வீட்டு ரோசாவைப் பத்தி அன்னக்கொடிகிட்டச் சொல்லியிருந்தேன். எனக்கும் ஒரு கம்பு கொண்டான்னு கேட்டுச்சு. நாலஞ்சு கம்பு நட்டதுல ஒண்ணு பிடிச்சுச்சு."

சந்திரவல்லி எழுந்து நின்றாள். கைமுழுக்க மண்.

"பிடிச்சுருச்சா? ஒட்டுக்கு மேல வெட்டுன கம்புதான அது? அவரோட ரோசாதான? மொக்கு விட்டிருக்கா?"

"மதினி, சத்தம் போடாதீங்க."

"கேக்குறேன்ல?"

"முந்தாநாள் மலையிலேருந்து எறங்கித் தேவாரம் போய்ட்டுத்தான் நேத்து இங்க வந்தேன்." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "பூத்திருச்சு. ஒரு பூவு. அந்தப் புள்ள தலையில வச்சிருந்துச்சு."

"என்ன நெறம்?"

"செவப்பு."

நேற்று சாயங்காலம் அவன் வீட்டுக்குள் வந்ததும், கூழ் குடித்ததும், மொக்கைப் பார்த்து 'ரெண்டு நாள்ல பூத்துரும் மதினி' என்று சொன்னதும் அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. தேவாரத்துப் பூவைப் பார்த்துவிட்டு வந்துதான் அப்படிச் சொல்லியிருக்கிறான்.

"சொல்லிறாதீங்க மதினி" என்றான். "இங்க செவப்பா பூத்துருமேன்னு நேத்தெல்லாம் பயந்துக்கிட்டே கெடந்தேன். காலையில வெள்ளையைப் பார்த்ததும்... நான் பாவிதான். ஆனா எனக்கும் ஒரு வீடு வேணும்ல?"

அப்போதுதான் உள்ளே இருந்து அந்தச் சத்தம் கேட்டது.

சுருளியம்மாள் அழ ஆரம்பித்திருந்தாள். முதலில் முனகலாக, பிறகு நெஞ்சைப் பிளந்துகொண்டு. ஒச்சப்பன் பிறந்த அன்று மழை பெய்ததைச் சொல்லி அழுதாள். குரங்கணிப் பாதையில் அவன் கால் தேய்ந்ததைச் சொல்லி அழுதாள். எந்த ஓடைக்கரையில் எந்த மண்ணுக்குள் கிடக்கிறாயோ, தண்ணி கேட்டாயோ, ஆத்தா என்று கூப்பிட்டாயோ என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். தெருவில் கதவுகள் திறந்தன. பக்கத்து வீட்டுக் கருத்தம்மா தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே ஓடிவந்தாள். ராக்கு வந்தாள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோளில் கை போட்டுக்கொண்டு கூடவே அழுதார்கள்.

சந்திரவல்லி கதவு நிலையில் நின்றாள். இவ்வளவு அழுகையை இந்த மனுஷி எங்கே வைத்திருந்தாள்? இரண்டு வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தும் தனக்குத் தெரியவில்லையே.

கருத்தம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். "வாத்தா, வந்து உக்காரு" என்று கையை நீட்டினாள். அந்தக் கையைப் பிடித்தால் முடிந்துவிடும். உட்கார வைப்பார்கள், கட்டிக்கொள்வார்கள், தலையிலிருக்கும் பூவை யாராவது பேச்சோடு பேச்சாக எடுத்துவிடுவார்கள். அவளுக்கும் களைப்பாகத்தான் இருந்தது. உட்கார்ந்துவிடலாம் என்று ஒரு கணம் நினைக்கவும் செய்தாள்.

"அத்த, அழுகாதீங்க" என்றாள்.

யாருக்கும் கேட்கவில்லை.

"அத்த! அது காட்டு வேரோட பூவு. ஒட்டை வெட்டிட்டாங்க. உங்க மகன் வச்ச ரோசா தேவாரத்துல இருக்கு. அது செவப்பாத்தான் பூத்திருக்கு."

அழுகை அறுந்து நின்றது. சுருளியம்மாள் தலையைத் தூக்கினாள். அந்த முகத்தில் சந்தோஷத்தைத் தேடினால் கிடைக்காது. இத்தனை நாளுக்குப் பிறகு கிடைத்ததையும் பிடுங்க வந்தவளைப் பார்க்கிற பார்வைதான் இருந்தது.

"யாரு சொன்னது?"

சந்திரவல்லி திரும்பிப் பார்த்தாள். மொக்கச்சாமி முற்றத்தில் நின்றிருந்தான். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

"அப்பு" என்றாள் சுருளியம்மாள். "தேவாரத்துல அந்தச் செடி இருக்கா?"

"இருக்கு ஆத்தா."

"பூத்திருக்கா?"

"பூத்திருக்கு."

"என்ன நெறம்?"

மொக்கச்சாமி மதினியைப் பார்த்தான். பிறகு அழுது சிவந்த ஆத்தாளின் கண்ணைப் பார்த்தான். அந்தக் கண் அவனிடம் எதைக் கேட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அவனுக்குத் தெரிந்தது.

"வெள்ளைதான் ஆத்தா" என்றான்.

சுருளியம்மாள் மறுபடி தலையைக் கவிழ்த்தாள். விட்ட இடத்திலிருந்து அழுகை தொடர்ந்தது. முன்னைவிடச் சத்தமாக.

சந்திரவல்லி சண்டை போடவில்லை. பொய் என்று கத்தவில்லை. அந்த வீட்டில் ஒச்சப்பன் உயிரோடு இருக்க வேண்டும் என்று நினைக்கிறவள் தான் ஒருத்திதான் என்பது அவளுக்கு இப்போது நன்றாகப் புரிந்துவிட்டது. கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவினாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். முற்றத்தைத் தாண்டும்போது மொக்கச்சாமியிடம் மெதுவாகக் கேட்டாள்.

"ஒரு பூவைத்தான் அந்தப் புள்ள தலையில வச்சிருந்துச்சு. செடியில இன்னும் மொக்கு இருந்துச்சா?"

அவனால் அதற்குப் பொய் சொல்ல முடியவில்லை.

"ஒண்ணு இருந்துச்சு."

"எங்கத்தா போற?" என்று உள்ளேயிருந்து கருத்தம்மா கேட்டாள்.

"தேவாரத்துக்கு. பூவு ரொம்ப நாள் நிக்காது அக்கா. உதிர்றதுக்குள்ள வெரசாப் போகணும்."

சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள். பின்னால் அவள் புருஷனுக்காக அழுகிற சத்தம் தெருமுனைவரை அவளோடு வந்தது.